முப்பத்தாறு தசம் எட்டுப் பாகை ரோல்ஸ்

நான் வேலை செய்த தொழிற்சாலையில், பெண்கள் கழிவறைச் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம். என்னோடு வேலை செய்த கௌரி அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தாளில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் விசிறியைப் பிடித்துக்கொண்டு, கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரிச் சிரிக்கிறாள். "மெனோபாஸ் பற்றிப் பேசுவோம்" என்று மேலே போட்டிருக்கிறது. பக்கத்தில் உண்மையான மேசை விசிறி ஒன்றும் நிற்கிறது. யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாதபடி அதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, உங்கட காலத்தில இது இருந்திருந்தா ரோல்ஸுக்குக் காய்ச்சல் வந்திராது" என்று கௌரி எழுதியிருந்தாள். அதோடு விடவில்லை. "புதுசா வந்த பிள்ளையளுக்கு நான் அந்தக் கதையைச் சொன்னா நம்பீனமில்லை. நீங்களே எழுதித் தாங்கோ" என்று கேட்டாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழை வந்தால் என்ன நினைப்பார்கள், தொழிற்சாலைக்குத் தெரிந்தால் ஓய்வு பெற்ற பிறகும் வேலையால் நிற்பாட்டுவார்களோ என்றெல்லாம் இரண்டு நாள் யோசித்தேன். ஓய்வு பெற்றவளை எப்படி நிற்பாட்டுவது என்று என் மனுசன் கேட்டார். அதுவும் சரிதான். எழுதுகிறேன்.

படகில் வந்து, முகாமில் இருந்து, வெளியே விட்டு, வேலை செய்ய அனுமதி கிடைத்தது வரைக்குமான கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதை விட்டுவிட்டுச் சிட்னியில் இருக்கிற செவன் ஹில்ஸுக்கு வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் வருகிற தொழிற்பேட்டையில், உறைய வைத்த ரோல்ஸும் பற்றீசும் செய்கிற இடம் அது. அந்த ரோல்ஸ் எங்கள் மட்டன் ரோல்ஸுக்குத் தூரத்துச் சொந்தம். உள்ளே கோவா, அதாவது முட்டைக்கோஸ்தான் இருக்கும். முதல் வருடம் பெட்டி மடித்தேன். இரண்டாம் வருடம் பெட்டி ஒட்டினேன். மூன்றாம் வருடம் என் கையில் தெர்மோமீற்றரைத் தந்தார்கள்.

தந்தவள் ஷெரில், எங்கள் சுப்பவைசர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரம், கட்டை மயிர், காதில் எப்போதும் பேனை. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடவேண்டிய இடத்தில் மெல்லமாக விசிலடிப்பாள். விசில் கேட்டால் நாற்பது பேரும் கையை நிறுத்திவிடுவோம். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு விளங்கிய மாதிரித் தமிழில் எழுதுகிறேன். என் பெயர் புஷ்பராணி. இந்த நாட்டில் எந்தப் பெயரையும் முழுதாக விடமாட்டார்கள். ஷெரில் என்னைப் "புஷ்" என்று கூப்பிட்டாள். பிரீசர் அறைக் கதவிலும் தள்ளுவதற்காக அப்படித்தான் எழுதியிருந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்த அறையே எனக்குச் சொந்தமென்று நினைத்து, உள்ளே போக என்னிடம் அனுமதி கேட்டதும் உண்டு.

ஷெரில் எதற்கும் "நோ வொரிஸ், லவ்" என்பாள். கவலையில்லை என்று அவள் சொன்ன உடனேதான் எனக்குக் கவலை தொடங்கும். கவலைப்பட ஏதோ இருக்கிறபடியால்தானே கவலைப்படாதே என்கிறாள்?

தெர்மோமீற்றர் வேலைக்கு ஏன் என்னைத் தெரிவு செய்தாள் என்று பிறகொரு நாள் கேட்டேன். "நீ எதையும் மூன்று தரம் பார்க்கிறவள். துணிச்சல்காரிகள் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்" என்றாள். என் பயத்துக்கு இந்த உலகத்தில் கிடைத்த ஒரே பதவி அதுதான்.

வேலை இப்படி. மணிக்கொரு தரம் பிரீசர் அறைக்குள் போகவேண்டும். மூன்று பெட்டிகளைத் திறக்கவேண்டும். ஊசி மாதிரி நீண்ட கம்பியை மருந்துத் துணியால் துடைத்து, ஒரு ரோல்ஸின் நடு வயிற்றில் குத்தவேண்டும். எண் ஓடும். ஓடி முடிந்து அசையாமல் நிற்கும்வரை பொறுக்கவேண்டும். மைனஸ் பதினெட்டு, அல்லது அதைவிடக் குளிர். தாளில் நேரம், பெட்டி இலக்கம், பாகை, கையெழுத்து. மறுபடி துடைத்து உறையில் போடவேண்டும். "எண் நிற்க முதல் எழுதாதே. நின்ற பிறகு எழுதாமல் விடாதே" என்று ஷெரில் சொல்லித் தந்தாள். மூன்று வருடம் இதையே செய்ததில், எண் நின்றால் என் கை தானாக எழுதும். நடுவில் மூளைக்கு வேலையில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது நடக்கும்போது அந்தப் பிரச்சினை தொடங்கியது.

முதலில் கண்டுபிடித்தது என் மனுசன். நான் படுக்கிற பக்கத்தில் விரிப்புத் தெப்பமாக நனைந்திருந்ததைப் பார்த்தார். மனுசி வேர்த்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சிட்னியில் அது யூலை மாதம். அவர் குல்லாவும் போட்டு இரண்டு போர்வைக்குள் கிடந்தார். அந்தக் குளிரில் யாராவது வேர்ப்பார்களா? அண்ணாந்து முகட்டைப் பார்த்தார்.

"இஞ்சாரும், கூரை ஒழுகுது."

"மழையே பெய்யேல்லையே?"

"பழைய தண்ணியா இருக்கும்."

அடுத்த நாள் வீட்டு ஏஜென்டுக்கு ரெலிபோன் எடுத்து, "வாட்டர் கமிங். பெட். ஒன்லி வைஃப் சைட்" என்றார். பிளம்பர் வந்தான். ஏணி வைத்து முகட்டுக்குள் ஏறி அரை மணித்தியாலம் தவழ்ந்தான். ஒட்டடையோடு இறங்கி, விரிப்பைத் தொட்டுப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குல்லாவோடு நின்ற இவரைப் பார்த்தான். "ஷீல் பி ரைட், மேட்" என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த நாட்டில் கூரை, கார், மோட்டார் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லில் 'அவள்' என்று வந்தாலும், எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அர்த்தம். இவருக்கு அது தெரியாது. "பார்த்தீரே, பிளம்பருக்கே விளங்கியிருக்கு. நீர் சரியாகிடுவீராம்" என்றார்.

நான் சரியாகவில்லை. பகலிலும் வரத் தொடங்கியது. நெஞ்சிலிருந்து காங்கை எழும்பும். காங்கை என்றால் எங்கள் பேச்சில் உடம்பிலிருந்து அடிக்கிற சூடு. அது கழுத்தால் ஏறி, காதால் வெளியே போக வழி தேடும். நெஞ்சு படபடக்கும். பிறகு வேர்வை கொட்டும். பிறகு குளிரும். மறதி வேறு. ஒருநாள் தலை வலையைக் கழற்ற மறந்து அப்படியே ரெயினில் வீட்டுக்குப் போனேன். ரெயினில் எனக்கு எழும்பி இடம் தந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். கோபம் அதைவிட மோசம். தேத்தண்ணியை இவர் கரண்டியால் மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்றுச் சுற்றினார் என்பதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை.

வேலையில் கௌரியிடம் மட்டும் சொன்னேன். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து வருகிறவள், என்னைவிடப் பதினைந்து வயது இளமை. ஊரில் ஒரு மருந்துக்கடையில் எட்டு மாதம் நின்றவள். அந்த எட்டு மாதத்தை வைத்துத்தான் இங்கே எல்லோருக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரவில வேர்க்குதோ அக்கா?"

"ஓம்."

"தலைக்குத் தோய வார்த்த மாதிரியோ?"

"ஓமடி."

அவள் பெட்டி ஒட்டுகிற நாடாவைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இருமல் இருக்கோ? ஏனெண்டா இரவில வேர்க்கிறது கசம்."

கசம் என்றால் காசநோய். எனக்கு இருமல் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கழிவறைக்குள் போய் இருமிப் பார்த்தேன். வந்தது. இருமினால் இருமல் வராமல் வேறென்ன வரும் என்று இப்போது கேட்கலாம். அன்றைக்கு நான் அதைக் கசமென்றே முடிவுகட்டினேன்.

பயத்துக்குக் காரணம் நோய் மட்டுமில்லை. எங்களுக்கு இருந்தது தற்காலிக விசா. அதைப் புதுப்பிக்க மெடிக்கலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்து அப்போது ஒரு கிழமை, ஏழு நாள். நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். எதற்கு எடுக்கிறார்கள் என்று படகில் வந்த எல்லோருக்கும் தெரியும். நெஞ்சில் கசம் என்று கண்டால் விசா தரமாட்டார்கள், என்னால் இவருக்கும் கிடைக்காது, இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவார்கள். இப்படி நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். டொக்டரிடம் போனால் டொக்டர் எழுதிப் போடுவார். ஷெரிலிடம் சொன்னால் சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் ஒரு நிமிடம்கூட விடமாட்டாள். ஆகவே ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். கௌரியிடம் அவளுடைய பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கினேன்.

மறைக்க நல்ல இடம் பிரீசர் அறை. மற்றவர்கள் அதற்குள் போகப் பஞ்சிப்படுவார்கள். நான் வலியப் போனேன். அவர்களுக்காகப் பெட்டி எடுத்துக் கொடுக்கவும் போனேன். உள்ளே போய்க் குளிர்க்கோட்டைத் திறந்துவிட்டு, ரோல்ஸ் பெட்டியில் நெற்றியை வைத்துச் சாய்ந்து நிற்பேன். அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

ஒரு வியாழக்கிழமை. பத்து மணிச் சுற்று. முதல் பெட்டி, மைனஸ் பத்தொன்பது. இரண்டாம் பெட்டி, மைனஸ் பத்தொன்பது தசம் இரண்டு. மூன்றாம் பெட்டியைத் திறக்கும்போது காங்கை எழும்பியது. பிரீசருக்குள்ளேயே வேர்க்கிறது என்றால் இது கட்டாயம் காய்ச்சல், காய்ச்சல் என்றால் கட்டாயம் கசம் என்று பட்டது. கையில் தெர்மோமீற்றர் இருக்கிறது. வெளியே வந்து கதவடியில் நின்றேன். மருந்துத் துணியால் கம்பியை வடிவாகத் துடைத்தேன். சட்டைக்குள் விட்டுக் கமக்கட்டுக்குள், அதாவது அக்குளுக்குள், வைத்து இறுக்கினேன். எண் ஓடியது. பொறுத்தேன். நின்றது. முப்பத்தாறு தசம் எட்டு.

காய்ச்சல் இல்லை! கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைத்தேன். நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் என் கை தன் வேலையைச் செய்துவிட்டது. மூன்றாம் பெட்டி, இலக்கம், முப்பத்தாறு தசம் எட்டு, கையெழுத்து. பிறகு கம்பியை மறுபடி துடைத்து உறையில் போட்டேன். துடைக்க மட்டும் நான் மறக்கவில்லை என்பதை இதை வாசிக்கிற பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.

அடுத்த நாள் காலை நான் உள்ளே வரும்போது, வியாழக்கிழமை செய்த ரோல்ஸ் முழுவதையும் சிவப்பு நாடா சுற்றி மறித்து வைத்திருந்தார்கள். வெளியே லொறி நின்றது. டிரைவர் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். கௌரி ஓடி வந்தாள்.

"அக்கா, ரோல்ஸுக்குக் காய்ச்சலாம்!"

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?"

"கடவுளாணை. முப்பத்தாறு தசம் எட்டாம். ஷெரில் உங்களைக் கூப்பிடுறா."

அந்த எண் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஷெரிலின் அறைக்குப் போகிற ஐம்பது அடியில் நான் வேலையையும் விசாவையும் வீட்டையும் இழந்து, திரும்பி ஊருக்குப் போய் இறங்கிவிட்டேன்.

ஷெரில் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் என் தெர்மோமீற்றர். "புஷ், இந்த ரோல்ஸ் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்டாளா உண்மையாகக் கேட்டாளா என்று தெரியவில்லை. பெரிய விஷயம் என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசவேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டாள். இந்தியத் தமிழர் ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான குரல்.

"வணக்கம்மா. நீங்க சொல்றதை அப்படியே சொல்வேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொல்லுங்கம்மா."

இந்த எண்ணை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாய் என்று ஷெரில் கேட்டாள்.

"பெட்டியில இல்லை ஐயா. அது என்ரை கமக்கட்டில எடுத்தனான்."

அவர் ஆங்கிலத்தில், அவள் அதைத் தன்னுடைய சொந்தக் கட்டு ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறாள் என்றார்.

"கட்டா? எங்களிடம் கட்டு இல்லையே, எல்லாம் பெட்டிதானே" என்று ஷெரில் தன் பட்டியலைப் புரட்டத் தொடங்கினாள்.

எனக்கு ஆங்கிலம் பேச வராவிட்டாலும் காதுக்குக் கொஞ்சம் எட்டும். பிழையாகப் போகிறது என்று விளங்கியது. ஆதியிலிருந்து சொல்வோம் என்று தொடங்கினேன்.

"ஐயா, எனக்கு வருத்தம். கன நாளா வருத்தம். சொல்லப் பயந்துபோய் இருந்தனான்."

எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருக்கு வருத்தம் என்றால் மனக்கவலை. அவர் உருகிப்போய், அவள் மிகவும் மன்னிப்புக் கேட்கிறாள், பல நாட்களாக மன்னிப்புக் கேட்க நினைத்துப் பயந்திருக்கிறாள் என்றார்.

"நோ வொரிஸ், லவ்" என்றாள் ஷெரில்.

"இல்லை ஐயா! நான் வருத்தக்காரி! உடம்பெல்லாம் காங்கையா வருது!"

"கங்கையாம்மா?"

"காங்கை, காங்கை!"

அவர் தொண்டையைச் செருமினார். அவள் சோகமான பெண், தன் உடம்பு முழுவதும் கங்கை நதி பாய்வதாகச் சொல்கிறாள், இது சமய நம்பிக்கையாக இருக்கலாம் என்றார். ஷெரில் எழும்பி ஒரு பிஸ்கற்றும் கண் துடைக்க ரிஷூப் பெட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"கசமோ எண்டு பயமா இருக்கு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கசப்பா இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு, அவளுக்குக் கசப்பாக இருக்கிறது என்றார். ஷெரில் பிஸ்கற்றை எடுத்து மணந்து பார்த்தாள்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மேசையிலிருந்த தெர்மோமீற்றரை எடுத்தேன். துடைத்தேன். சட்டைக்குள் விட்டுக் கமக்கட்டில் வைத்து இறுக்கிக்கொண்டு, மறு கையால் தாளிலிருந்த அந்த எண்ணைக் குத்திக் காட்டினேன்.

ஷெரில் மெல்லமாக விசிலடித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காங்கை வந்தது. முகம் சிவந்து, மூக்கு நுனியால் வேர்வை சொட்டி, தாளில் என் கையெழுத்திலேயே விழுந்தது. ஷெரில் என் முகத்தையே பார்த்தாள். "ஹொட் ஃப்ளஷ்?" என்றாள். எனக்கு ஃப்ளஷ் என்றால் கழிவறையில் அமத்துகிற பொத்தான். "நோ, நோ, ரொய்லற் ஓகே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்த குட்டிக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். பனிக்கட்டி வைக்கிற தட்டிலிருந்து மடித்த உள்சட்டை ஒன்றை எடுத்தாள். அது அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அதை என் பிடரியில் வைத்தாள். உள்ளே இன்னும் இரண்டு இருந்தன. எல்லாம் அவளுடையவை.

ரெலிபோனைப் பார்த்து, "மெனோபாஸ். அவளுக்குச் சொல்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா... அது வந்துங்க... லேடீஸுக்கு... ஒரு வயசுக்கு மேல... அது நின்னுடும்ல, அதும்மா."

"எனக்கு நிக்கேல்லை ஐயா. இரண்டு மாசம் வராது, பிறகு இரண்டு கிழமையில வந்து நிக்கும்."

"நிக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்மா. எங்க வீட்ல நாலு வருஷமா இதே கதைதான். மூணு ஃபேன் ஓடுது. நான் மஃப்ளர் கட்டிக்கிட்டுத்தான் தூங்குறேன். போன வாரம் குழம்புல உப்பு இல்லைன்னு சொன்னேம்மா, மூணு நாளா நான்..." அவர் சட்டென்று நிறுத்தினார். "இதெல்லாம் நான் பேசக் கூடாதும்மா. இதை மொழிபெயர்க்க மாட்டேன்."

என்ன சொன்னான் என்று ஷெரில் கேட்டாள். "ஹிஸ் வைஃப். திரீ ஃபேன்" என்றேன். அந்த அறையில் நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அது.

சிரித்து முடிந்த பிறகு, காசநோய் என்று முழுச் சொல்லாகச் சொன்னேன். விசாவையும் மெடிக்கலையும் சொன்னேன். இம்முறை அவர் ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார். ஷெரில் பேனையைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். நோ வொரிஸ் என்று அவள் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லாமல் விட்டதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். ஆச்சரியமாக, அப்போதுதான் எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஒருத்தி என்னோடு சேர்ந்து கவலைப்படுகிறாள் அல்லவா.

"இன்றைக்கே டொக்டரிடம் போ. அவர் கடிதம் தரும்வரை உள்ளே வரக் கூடாது. கடிதம் வந்த அன்றே வா" என்றாள். பிறகு பிழை நடந்தால் நிரப்புகிற படிவத்தை இழுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் நெடுநேரம் யோசித்து எழுதினாள்: தெர்மோமீற்றர் தவறான பொருளில் குத்தப்பட்டது. பொருளின் நிலை என்ற கட்டத்தில்: சூடு, ஆனால் பழுதில்லை. அந்தத் தெர்மோமீற்றரை எறிந்துவிட்டுப் புதிது எடுத்தாள். நாடா சுற்றிய ரோல்ஸை எல்லாம் அவளே குத்தி அளந்தாள் என்று கௌரி பிறகு சொன்னாள். மத்தியானம் லொறி போய்விட்டதாம்.

டொக்டர் ஒரு பெண். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டாள், இரத்தம் எடுத்தாள், நிறை பார்த்தாள். கௌரியின் மருந்துக்கடை ஞானத்தில் பாதி சரி என்றாள். இரவு வேர்வைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதனால்தான் ஒளிக்காமல் வந்து காட்டவேண்டும் என்றாள். ஆனால் எனக்கு இருமல் இல்லை, மெலியவும் இல்லை. இது பெரிமெனோபாஸ் என்றுதான் தனக்குப் படுகிறது, எக்ஸ்ரே எப்படியும் அடுத்த கிழமை மெடிக்கலில் எடுப்பார்கள் என்றாள். வேலைக்குப் போகக் கடிதம் தந்தாள். "மெடிக்கலில் இரவில் வேர்க்கிறதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்" என்று இரண்டு தரம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "எனக்குப் பெரி மெனோபாஸாம்."

"பெரிசோ?" இவர் கதிரையில் இருந்துவிட்டார். "சின்னனா இருக்கேக்கையே காட்டியிருக்கலாமே!"

எனக்கும் அப்படித்தான் விளங்கியிருந்தது. ஷெரிலுக்கு வந்தது சின்ன மெனோபாஸ், அதுதான் மூன்று உள்சட்டையோடு சமாளிக்கிறாள் என்று ஒரு கிழமை முழுவதும் அவள்மேல் பொறாமைப்பட்டேன். பெரி என்றால் அதைச் சுற்றி, அதற்கு முன்பின் என்று கௌரியின் மகள்தான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொல்லித் தந்தாள்.

மெடிக்கல் நாள் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள். விடு என்று சொன்ன பிறகும் பயத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு தாதி என்னை இருத்தி வைத்துக் கேள்வி கேட்டாள். இளம் பெண், கையில் மணி மாலை. இருமல்? நோ. இரத்தம்? நோ. மெலிவு? நோ. இரவில் வேர்வை?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. எங்கள் பேச்சில் ஆம் என்பதற்குச் சொல்வதுபோல "ஓம்" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை அன்போடு பார்த்தாள். பேனையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நெஞ்சில் குவித்துக் கண்ணை மூடி, "ஓ...ம்" என்று நீட்டினாள். தான் யோகா வகுப்புக்குப் போகிறவள் என்றும், பயமாக இருந்தால் ஆறுதலாக மூச்சு விடும்படியும் சொன்னாள். பிறகு பேனையை எடுத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை என்றால் அது என் பிழையா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒரு சனத்துக்கும் தெரியப்போவதில்லை. எக்ஸ்ரேயும் நன்றாக வந்துவிட்டால் எல்லாம் சுகம். அவள் அடுத்த இரண்டு கேள்வியைக் கேட்டு முடிக்கும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேட்டாள், என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வெறுமையாகக் கிடக்கிற ஒரு கட்டத்தோடு நான் வீட்டுக்குப் போனால் இனி வாழ்நாள் முழுக்க என்னால் படுக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மற்றவர்களை நேர்மை நேராக நடத்தும். என்னைப் பயம் நடத்துகிறது.

மேசைக்கு மேலால் எட்டி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேன். "யெஸ். ஓம், யெஸ். நைட். மச் வாட்டர்" என்றேன். டொக்டரின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாசித்தாள். "ஓ!" என்றாள். மன்னிப்புக் கேட்டாள். கட்டத்தில் சரி போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதி, கடிதத்தைப் பிரதி எடுத்து இணைத்தாள்.

நாலு கிழமை காத்திருந்தோம். அந்த நாலு கிழமையை எழுதினால் இந்தத் தாள் கொள்ளாது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. இவர் வாசித்தார், கௌரிக்குப் போனில் வாசித்துக் காட்டினோம், அவளுடைய மகள் மறுபடி வாசித்தாள். நெஞ்சு சுத்தம். மெடிக்கல் சரி. விசாவும் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

அன்றிரவும் வேர்த்தது. வழக்கமான நேரம், வழக்கமான வெள்ளம். விழித்துக் கிடந்து என்னைத் தொட்டுப் பார்த்தேன். பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வெறும் வேர்வைதான். இவர் குல்லாவோடு காய்ந்த பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ."

"என்ன, என்ன? என்ன செய்யுது உமக்கு?"

"ஒண்டுமில்லை. இந்தப் பக்கம் வந்து படுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவருடைய இடத்துக்கு உருண்டு போய் விடியும்வரை நித்திரை கொண்டேன்.